சித்தியின் கைக்குத் தெரிந்த பை

சித்தி ஜெர்மனியிலிருந்து திரும்பிப் பத்து நாள் ஆகிறது. பெட்டிகள் இரண்டும் பரணுக்கு ஏறிவிட்டன. வாங்கி வந்த சாக்லேட் தெருவில் பாதி வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தச் சின்னப் பை மட்டும் அம்பத்தூர் வீட்டுச் சாப்பாட்டு மேசையை விட்டு இன்னும் நகரவில்லை. நானும் அங்கே போகும்போதெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்களும் ஒரு நிமிஷம் வந்து பாருங்கள்.

மேசை மேல் அது உட்கார்ந்திருக்கிறது. வேண்டுமென்றேதான் அப்படிச் சொல்கிறேன். பெரும்பாலான பைகளைக் கீழே வைத்தால் சாயும், சுருளும், வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். இது முதுகு நிமிர்ந்து, இரு பக்கமும் கன்னம் லேசாக உப்பி, வாயை மூடிக்கொண்டு, வாத்தியார் வரக் காத்திருக்கும் முதல் பெஞ்சுப் பிள்ளை போல உட்கார்ந்திருக்கிறது. நிறம், காய்ந்த மருதாணி இலையின் நிறம். பச்சை என்றால் பச்சை, காக்கி என்றால் காக்கி. மூன்று மாதம் புழங்கியதில் விளிம்புகள் மட்டும் சற்றே வெளுத்து, அரிசி மாவு தடவினாற்போல் ஒரு மென்மை ஏறியிருக்கிறது. கேன்வாஸுக்கு வயதாகும் விதமே தனி அழகு. ரெக்ஸின் உரியும், நைலான் பிசிறடிக்கும், கேன்வாஸ் கனியும்.

விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொள்வதற்கான பை இது. தலைக்கு மேலே வைக்கிற ஏழு கிலோ கைப்பெட்டி வேறு. பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்த பிறகு அந்தப் பெட்டி இருந்தும் இல்லாததுபோலத்தான். பத்து மணி நேரம் கைக்கு எட்டுவது இந்த ஒன்றே. சித்தி இதைத் தேர்ந்தெடுக்க எடுத்துக்கொண்டது முழுசாக மூன்று வாரம்.

அதற்கும் ஒரு முன்கதை உண்டு. நாலு வருஷம் முன்னால் முதல் தடவை போனபோது சித்தி ஒரு பெரிய தோள்பையை மடியில் வைத்திருந்தாள். சாப்பாடு முடிந்து விளக்கை அணைத்துவிட்டார்கள். மூக்குக்கண்ணாடி வேண்டியிருந்தது. கையை விட்டாள். சீப்பு வந்தது. மறுபடி விட்டாள், மாத்திரை அட்டை. மூன்றாவது தடவை என்னவென்றே தெரியாத ஒன்று. பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு முறை எழுந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தாராம். அந்த இருட்டில் சித்தி ஒரு சட்டம் இயற்றினாள்: "கை போனா பொருள் வரணும். கண்ணைக் கூப்பிடக் கூடாது."

ஆகவே இந்த முறை அவள் பை பார்த்த விதம் ஒரு காட்சி. பாடியில் ஒரு பல மாடிக் கடை. விற்பனைப் பெண் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, சித்தி வாங்கி, ஜிப்பைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு, கையை உள்ளே விட்டு நின்றாள். நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி முகம். நிறத்தைக் கேட்கவில்லை, விலைச் சீட்டைத் திருப்பவில்லை. விரல்கள் மட்டும் உள்ளே நடந்துகொண்டிருந்தன. ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாள்: "அடி தெரியலை, கிணறு." இன்னொன்றை: "மூலையில கை மாட்டுது." பதினாலு அறைகள் வைத்த ஒரு பையை அந்தப் பெண் பெருமையோடு நீட்டினாள். சித்தி எண்ணிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "இது பை இல்லடா, திருவல்லிக்கேணி மேன்ஷன்."

கடைகளில் கிடைக்காதது பருத்திப்பட்டில் கிடைத்தது. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஏரிக்கரை ஊர். ஒரு பை தைக்க இதைவிடப் பொருத்தமான பெயருள்ள ஊர் எங்கே இருக்கிறது, பருத்தியும் உண்டு, பட்டும் உண்டு! (ஊர்ப்பெயர்களில் வரும் பட்டு 'பற்று' தேய்ந்து வந்தது, நெசவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று தமிழாசிரியர்கள் சொல்வார்கள். சொல்லட்டும்.) அங்கே ஒரு தையல்காரர் இருக்கிறார். ஆவடி ஓ.சி.எஃப்., அதாவது 1961-இல் தொடங்கிய படைத்துறை உடைத் தொழிற்சாலையில், முப்பது வருஷத்துக்கு மேல் சிப்பாய்களுக்குச் சீருடை தைத்து ஓய்வு பெற்றவர். ஆவடி என்றால் எல்லோருக்கும் டாங்கிதான் நினைவுக்கு வரும். அந்த டாங்கிக்குள் உட்காருகிறவரின் சட்டையையும் இதே ஊர்தான் தைக்கிறது என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. இப்போது வீட்டு முன்னறையில் பழைய ஜூக்கி மெஷின் ஒன்றைப் போட்டுக்கொண்டு, பெரியமேட்டில் கேன்வாஸ் வாங்கி வந்து, தெரிந்தவர்களுக்கு மட்டும் தைத்துக் கொடுக்கிறார்.

"எதுக்கும்மா பை?" என்றார்.

"பிளேன்ல மடியில வெச்சுக்கிறதுக்குண்ணே."

"உள்ள என்னென்ன போகும்?"

எந்தக் கடையிலும் யாரும் கேட்காத கேள்வி. சித்தியின் முகம் மலர்ந்துவிட்டது. கட்டைப்பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அவருடைய வெட்டு மேசையில் வைத்தாள். அவர் இஞ்ச் டேப்பை எடுக்கவில்லை. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, உருட்டி, திருப்பி, பக்கத்துப் பொருளோடு சேர்த்து வைத்து, கடைசியில் பாஸ்போர்ட்டை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தார். "இதாம்மா அளவு. இதுக்கு மேல ரெண்டு விரக்கடை."

அந்த இரண்டு விரற்கடையில்தான் பையின் அழகு முழுதும் இருக்கிறது என்பேன். இந்தியப் பாஸ்போர்ட் 12.5 செ.மீ. உயரம், 8.8 செ.மீ. அகலம். பாஸ்போர்ட் அளவுக்கே தைத்தால் அது உறை, விரல் நுழையாது. ஒரு சாண் கூடுதலாக வைத்தால் பாஸ்போர்ட் உள்ளே சரிந்து, மற்றதெல்லாம் அதன் மேல் குவியும். இரண்டு விரற்கடை என்பது விரல்களுக்கு மட்டும் விட்ட வழி. கோயில் பிராகாரத்தில் ஒருவர் சுற்றி வர இடம் விடுவார்களே, அப்படிப் பொருளைச் சுற்றிக் கை நடக்க ஒரு பிராகாரம். அகலம் சித்தியின் உள்ளங்கையும் இன்னும் கொஞ்சமும். அதனால் கை உள்ளே போனதும் இரண்டு சுவரும் தொடும். எங்கே இருக்கிறோம் என்று கைக்குத் தெரிந்துவிடும்.

வாயைப் பாருங்கள். நேராகக் குறுக்கே ஓடும் ஜிப் அல்ல. மேல்விளிம்பு முழுவதும் ஓடி, இரண்டு பக்கமும் மூன்று விரல் கீழே இறங்கி நிற்கிறது. திறந்தால் பை முதலை வாய்போல் விரிந்து, அடி வரை தெரிகிறது. மூடினால் அந்த வளைவு மேசை விளக்கொளியில் பிறைபோல ஒரு கோடு. ஜிப் வைப்பதில் வளைவுதான் சோதனை. டேப் நேராகப் பிறந்தது, அதை வளைத்து உட்கார வைக்கும்போது சுருக்கம் விழும். இதில் ஒரு சுருக்கம் இல்லை. எப்படி என்று கேட்டேன். "ஊசியால முதல்ல ஓட்டுத் தையல் போட்டு ஒரு ராத்திரி விட்டுடணும் தம்பி. துணியும் டேப்பும் பழகிக்கும்." கல்யாணமான புதுத் தம்பதியைப் பற்றிப் பேசுகிற தொனியில் சொன்னார்.

ஜிப் ஐந்தாம் நம்பர். இந்த எண் பல பேருக்குத் தெரியாத ஒரு நயம். பற்கள் கோத்துக்கொண்டு நிற்கும்போது ஏறக்குறைய எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்பதே நம்பர். மூன்றாம் நம்பர் பாவாடை, ஜாக்கெட் பைகளுக்கு. எட்டும் பத்தும் பெரிய பெட்டிகளுக்கு. மடிப்பைக்கு ஐந்து என்பது பாயசத்துக்குச் சர்க்கரை மாதிரி, ஒரு பிடி கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். ரன்னரைத் திருப்பினால் முதுகில் ஒய்.கே.கே. என்ற மூன்று எழுத்து. டடாவோ யோஷிடா என்பவர் 1934-இல் ஜப்பானில் தொடங்கிய நிறுவனம்; உலகத்தில் பாதிப் பேர் இடுப்பிலும் தோளிலும் அந்த எழுத்துகளைச் சுமந்துகொண்டு, வாசிக்காமலே நடக்கிறார்கள். ஐந்தாம் நம்பரின் ஓசையைக் கேளுங்கள். பெரிய பெட்டியின் ஜிப் 'சர்ர்ர்' என்று கூடத்தையே எழுப்பும். இது கோலப்பொடி விரலிடுக்கில் இறங்குகிற சத்தம்.

ரன்னரில் இருந்த உலோக நாக்கைச் சித்தி கழற்றச் சொல்லிவிட்டாள். தூங்குகிறவர்கள் நடுவில் அது கிணுகிணுக்கும். அந்த இடத்தில் அவளே ஒரு குஞ்சம் கட்டினாள். முந்தானைக்குக் குஞ்சம் கட்டித் தருகிற வேலை அம்பத்தூர்ப் பக்கம் பல வீடுகளில் நடக்கிறது. சித்தியும் ஒரு காலத்தில் புடவைக்கு இவ்வளவு என்று வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தவள்தான். அரக்கு நிறப் பட்டு நூல், தலைப்பில் ஒரு சின்ன முடிச்சு, அதன் கீழே கழுத்து, கழுத்துக்குக் கீழே பாவாடைபோல விரிகிற இழைகள். காக்கிக் கேன்வாஸின் கறாரான முகத்தில் அந்த ஒரு சொட்டுச் சிவப்பு. விறைப்பாக நிற்கிற சிப்பாயின் நெற்றியில் யாரோ குங்குமம் வைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. இருட்டில் விரலுக்கு முதலில் தட்டுப்படுவதும் அதுதான்.

இந்த இடத்தில் என் பாட்டியின் சுருக்குப்பையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. சித்தி தன்னை அறியாமல் தேடியது அதைத்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு. பாட்டியுடையது ஐந்து அறைச் சுருக்குப்பை. வெற்றிலைக்கு ஒன்று, பாக்குக்கு ஒன்று, சுண்ணாம்பு டப்பிக்கு ஒன்று, புகையிலைக்கு ஒன்று, நடுவில் காசு. இரண்டு நாடாக்கள் எதிரெதிர்த் திசையில் ஓடும். இரண்டையும் ஒரே நேரத்தில் இழுத்தால் ஐந்து வாயும் ஒரு மொட்டாகக் குவிந்துவிடும். பிரித்தால் பூ. அந்தக் குவிதலும் விரிதலும் பார்க்கப் பார்க்கச் சலிக்காது. பாட்டி இடுப்பில் செருகியபடியே, திண்ணையில் யாரோடோ பேசிக்கொண்டே, கண்ணை அந்தப் பக்கம் திருப்பாமல் ஒரு பாக்கை எடுப்பாள். ஒரு நாளும் அது புகையிலையாக இருந்ததில்லை.

தமிழில் இந்தச் சின்னப் பைகளுக்குத்தான் எத்தனை பெயர்! வெற்றிலைப் பைக்கு அடைப்பை; அரசர் பக்கத்தில் அதை ஏந்தி நிற்க அடைப்பைக்காரன் என்று தனியாக ஓர் ஆளே இருந்தான். பணம் முடிந்த துணிக்குக் கிழி. துணியிலிருந்து கிழித்த துண்டு என்பதாலேயே கிழி. புலவருக்குக் கொடுத்ததால் அது பொற்கிழி ஆயிற்று. தைக்கவே தைக்காத பை ஒன்றும் உண்டு, முந்தானை முடிச்சு. கல்யாண வீட்டிலிருந்து வருகிற தாம்பூலப் பை எந்த வீட்டு அலமாரியில் இல்லை? 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியபோது சித்தி சிரித்தாள். எங்கள் வீட்டில் மஞ்சப்பை போனால்தானே மீண்டு வருவதற்கு. 'ஏர் இந்தியா' என்று எழுதிய தோள்பையைத் துபாயிலிருந்து வந்த மாமா கொடுத்து, அதில் புத்தகம் வைத்துப் பள்ளிக்கூடம் போன தலைமுறையும் ஒன்று இருந்தது. இத்தனைக்கும் நடுவில் கைக்கும் பொருளுக்கும் உள்ள உறவை முழுசாகப் புரிந்துகொண்டது சுருக்குப்பை ஒன்றே என்று நான் துணிந்து சொல்வேன்.

பருத்திப்பட்டுக்காரருக்கும் அது தெரிந்திருக்கிறது. பையைத் திறந்து உள்ளே பாருங்கள். ஐந்தே அறைகள். அறைகளுக்கு அவர் வைத்த வேறுபாடு அளவில் மட்டும் இல்லை, தொடுகையில் இருக்கிறது. கண்ணாடி போகிற அறைக்கு உள்ளே ஃபிளானல். பூனைக்குட்டி வயிறுபோல இருக்கும். மாத்திரை அறையின் விளிம்புக்கு மொடமொடப்பான நாடாப் பைப்பிங். பேனாவுக்கு வலது சுவரோரம் ஒரு குழல். பாஸ்போர்ட் அறைக்கு மட்டும் வாயில் ஒரு மடிப்பு, அதற்கு ஒரு சின்னக் காஜாவும் பொத்தானும். சில்லறைச் சாமான்களுக்கு நடு அறை, வெறும் துணி. விரல் ஃபிளானலைத் தொட்டால் கண்ணாடி, மொடமொடப்பைத் தொட்டால் மாத்திரை. பாட்டிக்குப் பாக்கும் சுண்ணாம்பும் தெரிந்த மாதிரி.

உள்துணிக்கு அவர் எடுத்தது கட்டம் போட்ட லுங்கித் துணி. மெட்ராஸ் கட்டம் என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய அதே குடும்பம். வெளிர் மஞ்சளில் நீலமும் மெல்லிய சிவப்பும் குறுக்கும் நெடுக்கும் ஓடி, சந்திக்கிற இடங்களில் மட்டும் மூன்றாவது நிறம் ஒன்று தானாகப் பிறக்கிறது. நெய்தவர் போடாத நிறம் அது. இழையும் இழையும் உரசியதில் வந்தது. 1950-களின் கடைசியில் இந்தத் துணி அமெரிக்காவுக்குப் போய், துவைக்கத் துவைக்கச் சாயம் போனபோது, அதையே பெருமையாக்கி, 'சாயம் போகும், உத்தரவாதம்' என்று விளம்பரம் செய்து விற்றார்கள். பைக்குள் அந்தப் பெருமை உதவாது, மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணி நீலமாகிவிடும். இவர் மூன்று தடவை உப்புத் தண்ணீரில் போட்டு அலசி, சாயம் நின்ற பிறகே வெட்டியிருக்கிறார்.

உள்துணி வெளிர்நிறமாக இருக்க வேண்டும் என்பதைப் பெரிய கம்பெனிகளே பல நேரம் மறந்துவிடுகின்றன. கறுப்புப் பைக்குள் கறுப்புத் துணி வைத்துத் தைத்து, அதில் கறுப்பு நிறச் சார்ஜர் ஒயரைத் தேடச் சொல்கிறார்கள். இந்த மஞ்சள் கட்டம், தலைக்கு மேல் இருக்கிற சின்ன விளக்கு ஒன்று விழுந்தாலும் போதும், அகல் ஏற்றிய மாடம்போல உள்ளே ஒளிர்கிறது. வெளியே சிப்பாய், உள்ளே ஞாயிற்றுக்கிழமைக் காலை லுங்கி கட்டிய மனிதர். ஓய்வு பெற்ற ஒருவர் தைத்த பைக்கு இதைவிட என்ன வேண்டும்!

தையலைக் கிட்டே வைத்துப் பார்க்க வேண்டும். அங்குலத்துக்கு எட்டுத் தையல், எண்ணிப் பார்த்தேன். எங்கேயும் ஏழில்லை, ஒன்பதில்லை. கேன்வாஸுக்குப் பதினெட்டாம் நம்பர் ஊசி. மெல்லிய ஊசி போட்டால் உடையும், தடித்ததைப் போட்டால் ஓட்டை தெரியும். தோள்வார் பையோடு சேரும் இடத்தில் ஒரு சதுரம் தைத்து, அதற்குள் மூலைக்கு மூலை ஒரு பெருக்கல் குறி. பாரத்தை நாலு பக்கமும் பிரித்துக் கொடுக்கிற தையல் அது. ராணுவ முதுகுப்பை எதை எடுத்தாலும் இருக்கும். கால் கிலோ கூட எடை வராத சித்தியின் பைக்கு அது தேவையே இல்லை. "தேவையில்லைதான்" என்று அவரே ஒத்துக்கொண்டார். "ஆனா கை வேற மாதிரி தைக்க மாட்டேங்குது."

இனி உள்ளே போனவை. சித்தி அடுக்கிய கதை தனி.

முதலில் இஞ்சி மரப்பா. ஐந்தாறு துண்டு, வாழைநார் நிறக் காகிதத்தில் மடித்தது. குமட்டலுக்கு அது மருந்து. விமானம் ஏறி இறங்கும்போது காதடைத்தால் வாயில் போட்டு மென்று விழுங்க அதுவே மிட்டாய். பக்கத்தில் மாங்காடு காமாட்சி சன்னிதியிலிருந்து வந்த ஓர் எலுமிச்சம்பழம். ஆறு வாரம் எலுமிச்சை கொண்டு போய் வேண்டிக்கொள்கிற வழக்கம் அந்தக் கோயிலில் உண்டு. மகள் நல்லபடி பெற்றெடுக்க வேண்டுமென்று சித்தியும் போனாள். ஆறாம் வாரத்துப் பழம் பையில் ஏறியது. நகத்தால் லேசாகக் கீறி முகர்ந்தால் அடைத்த காற்றிலும் ஒரு தோட்டம் திறக்கும். இறங்கும் முன் அதை விமானத்திலேயே விட்டுவிட வேண்டும் என்று மட்டும் நான் சொல்லி அனுப்பினேன். அயல்நாட்டுச் சுங்கத்தில் பழங்களுக்கு மரியாதை குறைவு. திருவேற்காட்டுக் குங்குமம் ஒரு மடிப்பு. ஒரு வெள்ளிச் சிமிழில் தேங்காய் எண்ணெய்.

இந்தச் சிமிழைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள். பாட்டி காலத்துக் குங்குமச் சிமிழ், சுண்டுவிரல் நகம் அளவுக்குத் திருகு மூடி. விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடி உயரத்து மலையில் இருப்பதற்குச் சமம். நம் கணக்கில் குன்னூரையும் ஊட்டியையும் ஒட்டிய உயரம். ஆனால் ஊட்டியின் ஈரம் அங்கே இல்லை. ஈரப்பதம் இருபது சதவீதத்துக்கும் கீழே போய்விடும். உதடு வெடிக்கும், மூக்குத் தண்டு காயும். ஒரு சொட்டு எண்ணெய் விரல்நுனியில் தொட்டு உதட்டில் இட்டால் போதும். 2006-இல் லண்டனில் விமானங்களைத் தகர்க்கும் சதி பிடிபட்ட பிறகு வந்த விதிப்படி ஒரு பாத்திரத்தில் நூறு மில்லிக்கு மேல் திரவம் கையில் கொண்டுபோகக் கூடாது. சித்தியின் சிமிழ் ஐந்து மில்லி கொள்ளுமா என்பதே சந்தேகம். உலகப் பாதுகாப்பு விதிகளைப் பாட்டியின் சிமிழ் இவ்வளவு அநாயாசமாகத் தாண்டிப் போவதைப் பார்க்க எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

எல்லாம் அப்படித் தாண்டவில்லை. பிரசவிக்கப் போகிறவளுக்கு என்று பெரியம்மா கொடுத்தனுப்பிய கொப்பரைத் தேங்காய், பெட்டியிலும் போகாது, பையிலும் போகாது. எண்ணெய்ச் சத்து மிகுந்த கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடிய சரக்கு என்று விமானப் போக்குவரத்துப் பட்டியலில் இருக்கிறது. பெரியம்மா நம்பவே இல்லை. பவர் பேங்க் அதற்கு நேர்மாறு. பெட்டியில் வைக்கக் கூடாது, கையில்தான் இருக்க வேண்டும். நடு அறையில் அது படுத்துக்கொண்டது. பையில் அழகில்லாத பொருள் அது ஒன்றுதான்.

கிளம்புகிற அன்று சாயங்காலம் பூந்தமல்லியில் பூ வாங்கினோம். பூவிருந்தவல்லி என்று பெயர் வைத்த ஊரில் பூ வாங்காமல் எப்படிப் போவது? திருக்கச்சி நம்பிகள் பிறந்த மண். இந்த ஊர் நந்தவனத்தில் பூப்பறித்துத் தொடுத்து, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நடந்து, காஞ்சி வரதருக்குச் சாத்தினார் என்று சொல்வார்கள். எனக்கு எப்போதும் அந்த மாலையைவிட அதைச் சுமந்த குடலையின் மேல்தான் யோசனை. அத்தனை தூரம் வெயிலில் போயும் பூ வாடாமல் சேர வேண்டும் என்றால், அந்த ஓலையை எவ்வளவு நெருக்கி, எவ்வளவு தளர்த்தி முடைந்திருக்க வேண்டும்! பூக்காரம்மா ரெண்டு முழம் மல்லியை அளந்து, வாழையிலைத் துண்டில் சுருட்டி, நாரால் ஒரு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போடாமலேயே நுனியைச் செருகிக் கொடுத்தார். அதுவும் ஒரு பைதான். சித்தி ஒரு முழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, மீதியை அந்த இலையோடு பையின் மேல்வாயில் வைத்தாள். ஜிப் மூடிக்கொண்டது. அந்த இரண்டு விரற்கடை அதற்கும் இடம் வைத்திருந்தது.

ராத்திரி பத்து மணிக்கு மேல் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் பைபாஸில் ஏறினோம். மதுரவாயல், போரூர் வரை லாரிகளோடு போட்டி. கார் ஓட்டிக்கொண்டே கண்ணாடியில் பார்த்தேன்; சித்தி பின்சீட்டில் இருட்டில் உட்கார்ந்து, பையைத் திறப்பதும், எதையோ எடுப்பதும், வைப்பதும், மூடுவதுமாக இருந்தாள். கண்கள் மூடியிருந்தன. உதடு அசைந்தது. சுலோகம் சொல்கிறாள் என்று நினைத்தேன். காது கொடுத்தால், "கண்ணாடி... மாத்திரை... இஞ்சி... கண்ணாடி..."

மீனம்பாக்கத்தில் வாசலோடு நின்றுவிட்டேன். உள்ளே நடந்ததெல்லாம் திரும்பி வந்து அவள் சொன்னது. பாதுகாப்புச் சோதனையில் பை தட்டில் போய் எக்ஸ்ரேயைத் தாண்டியதும் ஒரு பெண் காவலர் திறக்கச் சொன்னாராம். முதலை வாய் ஒரே இழுப்பில் விரிந்தது. எல்லாம் ஒரே பார்வையில். "எங்கம்மா வாங்குனீங்க?" என்று கேட்டுவிட்டு அவரே மூடிக் கொடுத்தாராம், குஞ்சத்தை ஒரு தடவை விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு. விளக்கணைந்த பிறகு பக்கத்து வரிசையில் ஒரு குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு அழுதது. அவள் கண்ணைத் திறக்காமலே இரண்டு மரப்பா எடுத்துக் கொடுத்தாள். அம்மாக்காரி ஒன்றை வாங்கித் தானே முதலில் மென்று பார்த்தாளாம். "நானா இருந்தாலும் அப்படித்தான் பண்ணியிருப்பேன்" என்றாள் சித்தி.

பேத்தி பிறந்து, தொண்ணூறு நாள் விசா முடிந்து, பை ஊர் வந்து சேர்ந்தது. உள்ளே இப்போதும் கொஞ்சம் இஞ்சி வாசனை, கொஞ்சம் மல்லிச் சருகு, பெயர் தெரியாத ஒரு குழந்தைச் சோப்பு. சித்திக்கு ஒரே ஒரு குறை. ஸ்ரீராமஜெயம் எழுதுகிற பேனா அந்தக் குழலுக்குள் இறுக்கமாக நிற்கிறது. எடுக்கும்போது மூடி கழன்று உள்ளேயே தங்கிவிடுகிறது.

நேற்று பருத்திப்பட்டுக்கு எடுத்துப் போனோம். அவர் பேனாவைப் போட்டு, எடுத்து, போட்டு, எடுத்துப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது. "என் தப்புதாம்மா. மூடி போட்டு அளக்கலை." கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பாதி பிளேடை எடுத்து, குழலின் ஓரத்தில் ஒவ்வொரு தையலாக அறுக்க ஆரம்பித்தார். அறுந்த நூல்கள் ஒவ்வொன்றும் வெட்டு மேசை மேல் எறும்புக் கால்போல விழுந்தன. "எவ்வளவு விடப் போறீங்கண்ணே?" என்று சித்தி குனிந்து கேட்டாள்.

"ஒரு நூல்" என்றார், நிமிராமல்.